எதுக்குன்னு சொல்லிக் கேளுங்க

"கார் கெளம்புற வரைக்கும் அடுப்பங்கரைய விட்டு வராத. போற நேரத்துல உன் மூஞ்சில முழிக்க வேணாம்."

தேநீர்க் குவளைகளைக் கழுவிக்கொண்டே மருமகள் தலையாட்டினாள். சொன்னது மாமியார், அன்று ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவள். கையை விட்டு, ஓதி உருட்டும் தஸ்பீஹ் மணிமாலை இறங்காததால் தெருவுக்கே அவள் தஸ்பீஹ் மாமி. தொழுகை ஒரு வேளை தவறாது. நாக்கும் ஒரு வேளை ஓயாது.

மகன் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்ததிலிருந்து மருமகளுக்கு அந்த வீட்டில் ஒரே பெயர்தான்: "எம் புள்ளைய முழுங்கினவ." மார்க்கத்தில் சகுனம் ஏது என்று கேட்க நாதியில்லை. அவளும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் நேற்றுத் தலை வாரிவிடும்போது ஆறு வயது மகள் கேட்டாள்: "உம்மா, நீ வாப்பாவ முழுங்கிட்டியா?"

சொன்ன வாயே அந்தச் சொல்லைப் பிள்ளையின் முன்னால் திரும்பப் பெற வேண்டும். வேறெதுவும் அவளுக்கு வேண்டாம்.

கூடம் நிறைய ஆட்கள். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போவது வழக்கமாயிற்றே. பால்காரர், என்றோ சண்டை போட்ட எதிர்வீட்டுக்காரி என்று மாமி ஒருவரையும் விடவில்லை. "தெரிஞ்சோ தெரியாமலோ மனசு நோகப் பேசியிருந்தா மன்னிச்சிருங்க." எதிர்வீட்டுக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என்ன குணம், என்ன பணிவு என்று ஆளாளுக்கு உருகினார்கள்.

மாமியின் தம்பி, தையற்கடைக்காரர், மெல்லக் கேட்டார். "மருமககிட்ட கேட்டியாக்கா?"

"அவ வீட்டு ஆளுதானே. அவகிட்ட என்னத்தக் கேக்குறது?"

"தொழுகை, நோன்பெல்லாம் உனக்கும் அல்லாஹ்வுக்கும் நடுவுல. ஒருத்தி மனச நோகடிச்சத அவதான் மன்னிக்கணும். அவ மன்னிக்காம நீ அங்க போய் எவ்வளவு அழுதாலும் பாரம் எறங்காது."

மாமிக்குப் பயம் வந்துவிட்டது. "ஏய், இங்க வா. எல்லாத்தையும் மன்னிச்சிட்டேன்னு சொல்லு. நேரமாகுது."

ஈரக் கையோடு மருமகள் வந்தாள். மகள் ஓடிவந்து அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"மன்னிக்கிறேன் மாமி. எதுக்குன்னு சொல்லிக் கேளுங்க."

"எதுக்குன்னா... பொதுவாத்தான்."

"நீங்க பொதுவா எதுவும் சொல்லலியே. தெனமும் ஒண்ணுதான் சொன்னீங்க. அது பொய்யின்னு இந்தப் புள்ள முன்னாடி சொல்லுங்க, போதும்."

மாமியின் விரலில் மணிகள் நின்றுவிட்டன. உருகியவர்கள் தரையைப் பார்த்தார்கள். வெளியே டிரைவர் ஹாரன் அடித்தார்.

"பாத்தீங்களா இவ குணத்த? நல்ல காரியத்துக்குப் போறப்பதான் இவளுக்கு வாய் நீளுது," என்று மாமி எழுந்தாள்.

மருமகள் அடுப்பங்கரைக்குத் திரும்பவில்லை. மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய் வாசலில் காருக்கு நேர் எதிரே நின்றாள். மாமி கண்ணை இறுக மூடிக்கொண்டு ஏறினாள். கார் தெருமுனை திரும்பும்வரை திறக்கவேயில்லை.

"உம்மா, நீ முழுங்கலதானே?"

"இல்லடா," என்றாள் அவள், கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி.