கெட்டியான ஹெட்போன்

1

இது கதையாக இருக்க வேண்டியதே இல்லை. சித்தூரில் ஒரு மாதப் பத்திரிகை நடத்தும் என் நண்பர், “எப்பப் பாத்தாலும் கதையே எழுதிக்கினு இருக்கியே, ஒருவாட்டியாவது ஜனங்களுக்கு உபயோகமா எழுதுய்யா” என்று சொல்லித் தலைப்பையும் கையில் கொடுத்தார். ‘தினமும் பாட்டுக் கேட்க, நீடித்து உழைக்கும் மலிவான ஹெட்போனைத் தேர்ந்தெடுப்பது எப்படி?’

இது 1986. எங்கள் பக்கத்தில் தெருவுக்கு ஒருவர் குவைத்தில் இருக்கிறார். அவர்கள் அனுப்பும் பெட்டிகளில் சென்ட் பாட்டிலுக்கும் கம்பளிக்கும் நடுவில் ஒரு வாக்மேனும் வருகிறது. ஆகவே தலைப்பில் தப்பில்லை. ஆளைத் தேர்ந்தெடுத்ததில்தான் தப்பு. என் இடது காது சின்ன வயதிலேயே ராஜினாமா செய்துவிட்டது. ஸ்டீரியோ என்பது எனக்கு மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். இதை நண்பரிடம் சொன்னேன். “அப்ப பாதி கட்டுரை எழுதிக் குடு” என்றார்.

எழுத உட்கார்ந்தேன். வந்தது இது.

2

முதல் தொடக்கம்: ‘சூரியன் சேஷாசலம் மலைக்குப் பின்னால் மெல்ல—’ வேண்டாம். ஹெட்போன் வாங்குவதற்குச் சூரியன் எதற்கு?

இரண்டாம் தொடக்கம்: ‘ஹெட்போன் என்பது தலைக்கு மேல் வளைந்து சென்று இரு காதுகளையும்—’ இது நண்பருக்குப் பிடிக்கும். எனக்குக் கொட்டாவி வருகிறது.

மூன்றாம் தொடக்கம்: ‘ஆர்தர் உட்கார்ந்தார்.’

இது பரவாயில்லை. எதன் மேல் உட்கார்ந்தார் என்று நீங்களே கேட்பீர்கள். மனைவி கிருபாவதியின் ஹெட்போன் மேல் உட்கார்ந்தார். கட்டிலில் கிடந்தது. ஆர்தர் சர்க்கரை ஆலையில் கரும்பு வண்டிகளை எடை போடுகிறவர். அவரை யாரும் எடை போட்டதில்லை. எழுந்தபோது அது ஹெட்போனாக இல்லை.

“ஐயோ, கிருபா” என்றார். “நான் பாக்கல.”

(ஆர்தரை வில்லனாக்கப் பலமுறை முயன்றுவிட்டேன். ஒருமுறை மீசைகூட வைத்துப் பார்த்தேன். மனிதர் உட்காருகிறார், உடனே எழுந்து மன்னிப்புக் கேட்கிறார். இப்படிப்பட்டவரை வைத்துக்கொண்டு ஒரு எழுத்தாளன் என்ன செய்வது?)

3

அந்த ஹெட்போன் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்லாவிட்டால், ஒரு பெண் பிளாஸ்டிக்குக்காக அழுதாள் என்று நினைத்துவிடுவீர்கள்.

கிருபாவதி வேலூர்ப் பக்கத்துப் பெண். கல்யாணமாகிச் சித்தூர் மிஷன் காம்பவுண்டுக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. மிஷன் பள்ளியில் தையல் டீச்சர். காலையில் பள்ளி, சாயங்காலம் அடுப்பு, ஞாயிற்றுக்கிழமை சபை. நடுவில், பள்ளி விட்டு வந்த பிறகு ஒரு அரை மணி நேரம் அவளுடையது. சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, சினிமா பாட்டுக் கேட்பாள். “அந்த அர மணி நேரம் இல்லன்னா நான் மிஷின் ஊசிய முழுங்கிடுவேன்” என்று அவள் ஆர்தரிடம் சொன்னது விளையாட்டுக்கு இல்லை.

முன்பு டிரான்சிஸ்டரில்தான் கேட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஐயரம்மா தபீதாள் குடியிருந்தார். (வெளியூர் வாசகர்களுக்கு: மிஷன் சபைகளில் போதகரை ஐயர் என்பார்கள், அவர் மனைவி ஐயரம்மா. பூணூலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) பாட்டு ஆரம்பித்தால் சுவரில் தட்டும் சத்தம் வரும். கிருபாவதி ஒலியைக் குறைப்பாள். மறுபடி தட்டுவார். இன்னும் குறைப்பாள். கடைசியில் டிரான்சிஸ்டரைக் கன்னத்தோடு ஒட்டி வைத்துக் கேட்டாள். அப்போதும் தட்டினார்.

வேறு வழியில்லாமல் குவைத்தில் இருக்கும் அண்ணனிடம் கேட்டு வாக்மேன் வரவழைத்தாள். நாலு மாதம் சுவர் பேசவில்லை. கிருபாவதிக்கு அது மோட்சம்.

பிறகு ஆர்தர் உட்கார்ந்தார்.

4

புது ஹெட்போன் வாங்கப் பாகாலா வழியாகப் போகும் ரயிலில் இருவரும் திருப்பதிக்குப் போனார்கள். நிபந்தனை இரண்டே இரண்டு. விலை மலிவாக இருக்க வேண்டும். ஆர்தரைத் தாங்க வேண்டும்.

ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் நாகபூஷணம் என்பவருடைய ஃபாரின் சாமான் கடை. அவர் தெலுங்குக்காரர், தமிழ் பக்தர்களிடம் வியாபாரம் செய்தே தமிழ் கற்றவர். கிருபாவதி கத்தரிக்காய் வாங்கியே தெலுங்கு கற்றவள். இருவருமே மற்றவர் மொழி தனக்கு நன்றாகத் தெரியும் என்று நம்பினார்கள். விபத்து நடக்க அது போதும்.

“ரண்டம்மா, ரண்டி. ஏமி காவாலி?” என்ன வேண்டும் என்று கேட்டார் நாகபூஷணம்.

கெட்டியான ஹெட்போன் வேண்டும் என்பதைக் கிருபாவதி தெலுங்கில் சொன்னாள். “ஹெட்போன் காவாலி. கட்டிகா காவாலி.”

(அடிக்குறிப்பு. போட இடம் தெரியாததால் நடுவிலேயே போடுகிறேன். தெலுங்கில் ‘கட்டிதி’ என்றால் உறுதியானது. ‘கட்டிகா’ என்றால் உரக்க. ஒரு எழுத்துதான் வித்தியாசம். அந்த ஒரு எழுத்தில்தான் என் கதை ஓடுகிறது, தயவுசெய்து யாரும் அவளைத் திருத்தாதீர்கள்.)

நாகபூஷணம் ஒரு ஹெட்போனை மாட்டிச் சத்தத்தை ஏற்றினார். கிருபாவதி காதில் வைக்கவே இல்லை. வளைத்துப் பார்த்தாள், கிள்ளிப் பார்த்தாள். “இன்னும் கட்டிகா” என்றாள்.

அவர் வேறொன்றை எடுத்தார். இன்னும் ஏற்றினார். தெருவில் போன சேலத்துக் குடும்பம் ஒன்று, மொட்டையடித்து வந்த கையோடு, பாட்டைக் கேட்டு உள்ளே நுழைந்தது. குடும்பத் தலைவர் அந்த ஹெட்போனை வாங்கித் தலையில் மாட்டினார். சந்தனம் பூசிய மொட்டையில் அது நிற்கவில்லை, கழுத்துக்கு வழுக்கி வந்தது. மறுபடி மாட்டினார். மறுபடி வழுக்கியது. “முடி மொளைச்சதும் வந்து வாங்கிக்கிறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். நுரைப் பஞ்சு மஞ்சளாகி மணத்தது.

“இன்னும் கட்டிகா” என்றாள் கிருபாவதி.

நாகபூஷணத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. மேஜைக்கு அடியில் கைவிட்டுக் கறுப்பாக, தடியாக ஒன்றை வெளியே எடுத்தார். “அம்மா, இதுக்கு மேல கட்டிகா அண்டே கோயில் மைக் செட்டுதான்.”

மைக் செட்டின் உறுதியைத்தான் சொல்கிறார் என்று கிருபாவதி குளிர்ந்துபோனாள். “ஏங்க, இது மேல கொஞ்சம் உக்காருங்க.”

“கடையிலயா?” என்றார் ஆர்தர்.

“ஊட்ல தெரியாம உக்காந்தீங்க இல்ல? இங்க தெரிஞ்சி உக்காருங்க.”

“ஐயோ, ஒத்து சாமி, வேணாம்!” என்று நாகபூஷணம் பாய்வதற்குள் ஆர்தர் அதை ஒரு ஸ்டூலில் வைத்து உட்கார்ந்துவிட்டார். முறியும் சத்தம் எதுவும் வரவில்லை. எழுந்தார். ஸ்டூலின் ஒரு கால் லேசாகச் சாய்ந்திருந்தது. ஹெட்போன் அப்படியே இருந்தது.

திரும்பும் ரயிலில் வாக்மேனில் பென்சில் செல்லைப் போட்டுக் கிருபாவதி முதல்முறையாக அதைக் காதில் வைத்தாள். பாகாலா ஜங்ஷனில் வேர்க்கடலை விற்கிறவர் ஜன்னலோரம் நின்று பாட்டு முடிந்த பிறகுதான் அடுத்த பெட்டிக்குப் போனார்.

“இன்னாங்க இது, ஊருக்கே கேக்குது?”

“நீதான் கட்டிகா, கட்டிகான்னு கேட்ட” என்றார் ஆர்தர். அவருக்கு இரண்டு மொழியும் தெரியும். “கெட்டியாவும் வேணும், சத்தமாவும் வேணும்னு நெனச்சிக்கினேன்.”

5

வீட்டில் சோதித்துப் பார்த்ததில் ஒரு விஷயம் தெரிந்தது. வாக்மேனின் ஒலிச் சக்கரத்தில் ஒன்று முதல் பத்து வரை எண்கள். இரண்டில் வைத்தால் கிருபாவதிக்கு நன்றாகக் கேட்கும், வெளியே லேசாக மெட்டு மட்டும் கசியும். ஐந்தில் வைத்தால் வார்த்தை வார்த்தையாகச் சுவரைத் தாண்டும். அவள் பயந்துகொண்டு இரண்டிலேயே வைத்தாள்.

டொக். டொக். டொக்.

லெந்து காலம் வேறு தொடங்கிவிட்டது. ஈஸ்டர் வரைக்கும் உபவாசம், ஜெபம். அந்த நாட்களில் சினிமா பாட்டு! கிருபாவதியின் அரை மணி நேரத்துக்கு மறுபடி ஆபத்து. கல்நெஞ்சக்காரியான தபீதாள்—

இந்த இடத்தில் என் மனைவி அம்சவேணி குறுக்கிட்டாள். நான் எழுதியதை உரக்கப் படிப்பேன், அவள் சமையலறையிலிருந்து கேட்பாள். கேட்கிறாள் என்றுதான் இத்தனை வருடமாக நம்புகிறேன்.

“அந்தம்மா ஏன் தட்டுது?”

“பாட்டுப் புடிக்கல.”

“நீங்க கேட்டீங்களா?”

“நான் உண்டாக்குன ஆளு. நான் யார்கிட்ட போய்க் கேக்கறது?”

“அவங்ககிட்டயேதான். தட்டத் தட்ட கொறைக்கிறா. கொறைக்கக் கொறைக்க தட்றாங்க. புடிக்கலன்னா கொறைச்சதும் சும்மா இருக்க மாட்டாங்களா? பக்கத்து ஊடுதான, அந்தப் பொண்ண அனுப்புங்க.”

கல்நெஞ்சக்காரியை அடித்துவிட்டேன். கிருபாவதியை அனுப்புகிறேன்.

6

கிருபாவதி மன்னிப்பை மனப்பாடம் செய்துகொண்டு போனாள். கதவைத் திறந்த தபீதாளின் கையில் ஒரு குழம்புக் கரண்டி இருந்தது. அதன் காம்பு வளைந்திருந்தது.

“ஐயரம்மா, மன்னிச்சிக்கோங்க. ரெண்டுலதான் வச்சிருந்தேன்.”

“அதத்தான் கேக்கறேன். ஏன் ரெண்டுல வச்ச?”

கிருபாவதிக்கு மனப்பாடம் மறந்துபோயிற்று.

தபீதாள் தெருவை ஒருமுறை பார்த்துவிட்டு அவளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார். “கட்டிகா பெட்டு, சத்தமா வைன்னு நான் செவுத்த தட்றேன். நீ கொறைச்சிக்கினே போற. இந்தக் கரண்டியப் பாரு, உன்னாலதான் வளைஞ்சிது. மழைப் பாட்டு ஒண்ணு வருமே, அதுல ரெண்டாவது சரணத்துல இன்னா சொல்றாங்கன்னு எனக்கு இன்னி வரைக்கும் தெரியல.”

“நீங்க… சினிமா பாட்டா?”

“ஏன், ஐயரக் கட்டினா காது போயிடுமா?” என்றார். பிறகு குரல் இறங்கியது. “எங்க ஊட்ல ரேடியோவே கெடயாது. இந்த ஊருக்கு மாத்தலாகி வந்ததுல இருந்து உன் பாட்டுதாம்மா எனக்கு. நீ அந்த மெஷின வாங்கி காதுல மாட்டிக்கின பாரு, நாலு மாசம், செவுரு செத்துப்போன மாதிரி இருந்துச்சு. லெந்துக்கு ஜனங்க கறிய உடுறாங்க, காப்பிய உடுறாங்க. நான் இன்னாத்த உடுறது? எனக்குன்னு இருந்தது அது ஒண்ணு. அதுவும் லெந்து வர்றதுக்கு முன்னாடியே போயிடுச்சு.”

“அப்ப எங்க ஊட்டுக்கு வாங்களேன்.”

“வந்து? ஐயரம்மா சினிமா பாட்டுக் கேட்டான்னு தெரிஞ்சா, ஞாயித்துக்கெழம பிரசங்கமே என்னப் பத்திதான். பண்றவரு எங்க ஊட்டுக்காரரு.”

கிருபாவதி சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை. அவளுக்குத் தபீதாளைப் பார்க்கப் பாவமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. எனக்குன்னும் இருந்தது இது ஒண்ணுதானே ஐயரம்மா, என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. ஐந்தில் வைத்தால் காது வலிக்கும் என்பதல்ல விஷயம். சுவருக்கு அப்பால் ஒருவர் காத்திருக்கிறார் என்று தெரிந்தபின் இஷ்டத்துக்குப் பாட்டை நிறுத்த முடியாது. பாதியில் தூங்க முடியாது. ஒரே பாட்டைத் திருப்பித் திருப்பிப் போட முடியாது. அப்புறம் அது யாருடைய அரை மணி நேரம்?

அவளைப் பேச வைக்க எவ்வளவோ முயன்றேன். “வர்றேன் ஐயரம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

7

இனி முடிக்க வேண்டும். என்னிடம் மூன்று முடிவுகள் இருக்கின்றன, மூன்றும் உருப்படியில்லை.

கிருபாவதி திருப்பதிக்குப் போய்ச் சத்தமில்லாத, மெல்லிய ஹெட்போனாக மாற்றிக்கொண்டு வருகிறாள். கட்டிலில் வைக்கிறாள். ஆர்தர் உட்காருகிறார். (இரண்டாம் பகுதிக்குப் போகவும்.)

அல்லது, கிருபாவதி கண்களில் நீர் மல்க, இனி தினமும் ஐந்தில்தான் வைப்பேன் என்று— இதை நான் படித்ததும் அம்சவேணி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். “அந்தப் பொண்ணுகிட்ட இருந்ததே அர மணி நேரம். அதயும் புடுங்கி தானம் பண்ணிட்டீங்களா? உங்க அர மணி நேரத்தக் குடுக்கறதுதான?” அடித்துவிட்டேன்.

மூன்றாவது ஆர்தருடையது. சுவரில் துளை போட்டு ஒயரை அந்தப் பக்கம் விட்டுவிடலாம் என்று சொல்லிக்கொண்டு, ஆணியும் சுத்தியலுமாக வந்து நிற்கிறார். சுவர் மிஷனுக்குச் சொந்தம். அதோடு அளவு பார்க்க அவர் கட்டிலில் உட்காரப் போகிறார். வெளியே அனுப்பிவிட்டேன்.

நண்பருக்குக் கட்டுரை கொடுக்க வேண்டுமே என்று ஒரு வரி எழுதி வைத்திருக்கிறேன்: ‘ஹெட்போன் வாங்கப் போகும்போது வீட்டில் இருப்பவர்களிலேயே கனமானவரை உடன் அழைத்துச் செல்லவும்.’ உறுதியைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எவ்வளவு சத்தம் என்பதைப் பற்றி—

முழுவதையும் அம்சவேணிக்கு ஒருமுறை படித்துக் காட்டினேன். “கெட்டியா இல்ல” என்றாள். கதை வலுவாக இல்லை என்கிறாளா, நான் உரக்கப் படிக்கவில்லை என்கிறாளா? அவள் பிறந்த ஊர் குடுபல்லி. அங்கே தமிழும் தெலுங்கும் கலந்து இரண்டுக்கும் ஒரே வார்த்தை. கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

ஆகவே மறுநாள். பள்ளி விட்டாயிற்று. கிருபாவதி சுவரில் சாய்ந்து காலை நீட்டியிருக்கிறாள். தடியான ஹெட்போன் தலையில். சக்கரம் இரண்டில். மழைப் பாட்டு, முதல் சரணம் முடிந்து வயலின்கள் இழைகின்றன.

டொக். டொக். டொக்.

முன்பெல்லாம் அந்தச் சத்தத்துக்கு அவள் கை தானாகக் குறைக்கும். இன்று கை போகவில்லை. கட்டைவிரல் சக்கரத்தின் மேல் இருக்கிறது, நகரவில்லை. நான் பேனாவை மூடிவிட்டேன். அவள் நிமிர்ந்து பார்க்கிறாள், என்னை அல்ல, உங்களை.

சீக்கிரம் சொல்லுங்கள். இரண்டாவது சரணம் வந்துவிட்டது.