கால் தெரிந்த பேய்

பழைய பேய்ப் படம் என்றால் எனக்கு உயிர். பயப்படுவதற்காக இல்லை, சிரிப்பதற்காக. அதில் வௌவால் பறந்தால் அதைக் கட்டியிருக்கிற நூலும் கூடவே பறக்கும். ரத்தம் என்று ரோஸ் கலரில் ஏதோ சர்பத்தை ஊற்றியிருப்பார்கள். கல்லறைக் கல் காற்றில் ஆடும், பாவம், தெர்மாகோல்.

அவற்றில் ஒரு படத்துக்கு என்னிடம் தனி மரியாதை. உத்தரத்தில் தூக்கு மாட்டிக்கொண்டு ஒரு பேய் தொங்கும். வெள்ளை அங்கி, முகத்தை மூடிய விக். அங்கியை அளவெடுக்காமல் தைத்துவிட்டார்கள் போல, இரண்டு காலும் பளிச்சென்று வெளியே தெரியும். பேய்க்குக் கால் ஏது? பார்க்கிறவர்கள் அந்த இடத்தில்தான் கைதட்டுவார்கள். உடனே பேய் வீலென்று அலறும். அலறல் பாதியில் சட்டென்று நின்றுபோகும். அந்த நிற்பில்தான் சிரிப்பே. அதை மூன்று வருஷமாக என் போனில் ரிங்டோனாக வைத்திருந்தேன்.

வீட்டில் போன் அடித்தால் அம்மா தையலை விட்டுவிட்டு எழுந்து உள்ளே போய்விடுவாள். அம்மாவுக்கு எப்போதும் உதட்டில் நாலு குண்டூசி இருக்கும், பேச்சு குறைவு. சின்ன வயதில் காய்ச்சல் வந்து தொண்டை கெட்டுப்போனதாகச் சொல்லியிருக்கிறாள். குரல் கரகரவென்றுதான் வரும். எத்தனை வெயில் அடித்தாலும் கழுத்தை மூடின சட்டைதான் தைத்துப் போடுவாள்.

"இந்த டப்பாப் பேய்க்கே இப்படிப் பயப்படுறியே, நிஜப் பேய் வந்தா என்னம்மா பண்ணுவ?" என்று கேட்பேன்.

நான் வேலை பார்ப்பது பழைய படங்களைப் புதுப்பிக்கும் ஒரு ஸ்டுடியோவில். கூட வேலை பார்க்கிற, தடிக் கண்ணாடி போட்ட சோடாபுட்டி படத்தில் கீறல்களை எடுப்பான், நான் ஒலியில் இரைச்சலை எடுப்பேன். போன வாரம் அந்தப் படமே எங்கள் கைக்கு வந்தது. சந்தோஷத்தில் ஆபீஸ் முழுக்க டீ வாங்கிக் கொடுத்தேன்.

எங்கள் மேனேஜருக்கு ஒரு கண்டிப்பு உண்டு. அழிக்கப்போகும் இரைச்சலைத் தனியாகப் பிரித்து, ஒரு தடவை கேட்டுவிட்டுத்தான் அழிக்க வேண்டும். பாதி நாள் நான் அதைச் செய்வதில்லை, சோம்பல். நேற்று அந்தக் காட்சி என்பதால் ஆசையாகச் செய்தேன். அந்தப் படத்துக்கு டப்பிங் கிடையாது, எடுத்த இடத்திலேயே ஒலியையும் பிடித்திருந்தார்கள். அலறலுக்குச் சற்று முன்னால், இரைச்சலுக்கு அடியில், ஒரு பெண் பேசினாள். கணீரென்ற குரல்.

"அண்ணே, இறக்குங்கண்ணே. இடுப்புக் கயிறு அவுந்துருச்சு. கழுத்துல இறுக்குது. அண்ணே…"

அப்புறம் அலறல். அது நின்றதும் ஓர் ஆண் குரல், "பிரமாதம். கட் பண்ணாதே, ஓடட்டும்."

அது நடிப்பே இல்லை. ஒருத்திக்கு மூச்சு முட்டியதை மூன்று வருஷமாக மளிகைக்கடையிலும் பஸ்ஸிலும் ஒலிக்கவிட்டிருக்கிறேன்.

அந்த நேரம் பார்த்து சோடாபுட்டி கூப்பிட்டான். "இங்க வந்து பாரு. சுத்தம் பண்ணினதும் பேயோட கால் விரல்கூட எண்ணலாம். உன் காலு மாதிரியே இருக்கு."

திரையில் அந்த இடது கால் பெரிதாக நின்றது. இரண்டாவது விரலும் மூன்றாவது விரலும் நகம்வரை ஒட்டியிருந்தன. குனிந்து என் செருப்பைப் பார்த்தேன். இந்த ஒட்டுவிரல் எங்கள் வீட்டில் இரண்டு பேருக்குத்தான். எனக்கு ஒன்று. இன்னொன்று தினமும் தையல் மெஷினை மிதிக்கிற கால்.

அவனிடம் ஒன்றும் சொல்லாமல் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். வாசலில் கால் வைக்கும்போது அவன் போன் செய்துவிட்டான். பைக்குள்ளிருந்து அலறல். அம்மா வழக்கம்போல எழுந்தாள். போனை அணைப்பதற்குள் என் விரல் நான்கு தடவை தப்பியது.

"அம்மா, அது நீதானே?"

அவள் குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சில் குத்தினாள். பிறகு கழுத்துப் பொத்தானைத் திறந்தாள். தொண்டையைச் சுற்றி வெளுத்துப்போன ஒரு கோடு. பெற்ற தாயின் கழுத்தை நான் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"கதாநாயகிக்கு டூப்பு. பேரெல்லாம் போட மாட்டாங்க," என்றாள்.

"ஏம்மா சொல்லல?"

"நீ அவ்வளவு ஆசையா சிரிச்சே."

எனக்கு அவமானமாக இருந்தது. படத்தைச் சாயங்காலத்துக்குள் ஒப்படைக்க வேண்டும், அந்தப் பேச்சு இருக்கிற இடத்துக்கு நேராக மேனேஜர் கொடுத்த தாளில் 'இரைச்சல், நீக்கவும்' என்று எழுதியிருந்தது. அதையும் சொன்னேன்.

"கத்துறதுக்கு முன்னாடி பேசினேனே, அது கேக்குதா?" என்றாள். "அதை மட்டும் போடு."

ஹெட்போனை மாட்டிவிட்டேன். கேட்டாள். மறுபடி போடச் சொன்னாள். ஐந்து தடவை கேட்டாள்.

"என் குரலு இப்படித்தான் இருந்துச்சா? நானே மறந்துட்டேன்."

"அழிச்சிடவாம்மா?"

"அன்னிக்கு அங்க முப்பது பேரு இருந்தாங்க. ஒருத்தர் காதுலயும் விழல." ஹெட்போனைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். "இப்பவாவது விழட்டும்."

சாயங்காலம் படத்தை ஒப்படைத்தேன். அலறலைத் தாழ்த்தி, அந்தப் பேச்சை நன்றாக மேலே ஏற்றியிருக்கிறேன். இனி அந்த இடத்தில் கைதட்டுகிறவர்கள் கேட்டுவிட்டுத் தட்டட்டும்.