ஐந்தாவது டேக்

"பேப்பர்ல இருக்கறத சொல்லுங்க ஆன்ட்டி, பேப்பர்ல..."

"பேப்பரா அழப்போவுது? நாந்தானே அழணும்..."

"நாலு டேக் ஆச்சு! நாலு தடவையும் நாலு விதமா..."

"நாலு தடவையும் ஒரே மாதிரி சொன்னா அது கிளி, தம்பி. அம்மா இல்ல."

டிவி நாடக இயக்குநர் யோங் தலையில் கை வைத்துக்கொண்டார். எதிரே சியோக் ஹியாங், அறுபது வயது, இடுப்பில் கை.

முப்பது வருடம் கோயில் திருவிழா மேடைகளில் ஹொக்கியன் என்ற சீன வட்டார மொழியில் கூத்து ஆடியவள். அங்கே வசனம் எழுதும் வழக்கமே கிடையாது. ஆட்டத்துக்கு முன்னால் ஒருவர் கதையை மட்டும் சொல்வார். பேச்சு மேடையில் பிறக்கும். அரசாங்க உத்தரவில் ஹொக்கியன் டிவியிலிருந்து போய் இரண்டு வருடமாகிவிட்டது. இனி எல்லாம் பொதுச் சீனமான மாண்டரின்தான். அவளுக்குத் தெரிந்த மாண்டரின் காய்கறி வாங்கப் போதும். எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. ஒப்பனைக்காரி நான் அவளுக்குப் பவுடர் போடும்போது யாராவது வசனத்தைப் படித்துக் காட்டுவார்கள். தலையாட்டிக் கேட்பாள்.

"திரைக்கு அடியில ஓடுற எழுத்தெல்லாம் அடிச்சு வச்சாச்சு ஆன்ட்டி. நீங்க ஒண்ணு சொல்ல, கீழ ஒண்ணு ஓடுனா ஜனங்க சிரிப்பாங்க."

"எழுத்தைப் படிக்கறவங்க படிக்கட்டும். என்னைப் பாக்கறவங்க என்னைப் பாக்கட்டும்."

"இன்னும் ஒரே ஒரு டேக். இதுலயும் மாத்துனீங்கன்னா, அடுத்த வாரம் அந்த அம்மா செத்துட்டதா லெட்டர் வரும். கதையில இனி நீங்க இல்ல."

அவள் கை இடுப்பிலிருந்து இறங்கியது. தெருமேடைகள் குறைந்துகொண்டே வந்த காலம். இதையும் விட்டால் வேறு இடமில்லை.

"சரி தம்பி. எழுதுனதையே சொல்றேன்."

யோங் மாடிக் கண்ணாடி அறைக்குப் போனார். உச்சரிப்பு பார்க்கும் மிஸ் கூ சிவப்புப் பேனாவைத் திறந்தாள்.

காட்சி இதுதான்: பன்னிரண்டு வருடம் சிறையிலிருந்த மகன் வீடு திரும்புகிறான். அம்மா, வானம் பூமி சாட்சியாக, பதினாலு வரி பேச வேண்டும்.

மகனாக நடித்த வெய் லுன் உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான். அவள் வாயைத் திறந்தாள். முதல் வரி வரவில்லை. அவனையே பார்த்தாள்.

"அந்த ஸ்டூல் வேணாம். கால் ஆடும்."

போச்சு என்று நினைத்தேன். ஆனால் அவன் துள்ளி எழுந்துவிட்டான். காலையில்தான் எங்கள் தச்சர் செய்து வைத்த புது ஸ்டூல் அது. நானும் குனிந்து அதன் காலைப் பார்த்தேன்.

"சாப்பிட்டியா?"

"இல்ல."

"அங்க கஞ்சி சூடா குடுப்பாங்களா?"

அவனுக்கு எழுதியிருந்த வசனம் அவனுக்கே மறந்துபோயிற்று. "ஆறிப்போய்தான்மா வரும்" என்றான்.

அவள் கிண்ணத்தை எடுத்தாள். வெறும் கிண்ணம். ஊதினாள். மெதுவாக, மூன்று முறை. அதிலிருந்து ஆவி பறந்ததைப் பார்த்தேன் என்று இன்றைக்கும் சொல்வேன்.

"பன்னெண்டு வருசமா ஊதிட்டே இருக்கேன். இப்பதான் ஆறுச்சு. குடி."

அவன் குடித்தான். தொண்டை ஏறி இறங்கியது. மகனின் முகத்துக்குத் திரும்ப வேண்டிய ரஹ்மத்தின் கேமரா அவள் கைகளை விட்டு நகரவில்லை. ரஹ்மத்துக்கு மாண்டரின் ஒரு வார்த்தை தெரியாது.

மேலேயிருந்து 'கட்' வரவில்லை. காட்சி முடிந்தும் வரவில்லை. டேப் ஓடிக்கொண்டே இருந்தது.

நான் மிஸ் கூவிடம் கிசுகிசுத்தேன்: "எத்தனை தப்பு?"

"எண்ணவே இல்லக்கா" என்றாள். காகிதத்தில் ஒரு சிவப்புக் கோடுகூட இல்லை.

கண்ணாடிக்குப் பின்னால் யோங் மைக்கைப் பிடித்தபடி நின்றிருந்தார். சியோக் ஹியாங் கிண்ணத்தை வைத்துவிட்டு, தப்பு செய்த பிள்ளை மாதிரி மேலே பார்த்தாள்.

"கோவிச்சுக்காதீங்க தம்பி, வாய் தவறிடுச்சு. இப்ப நீங்க எழுதுனத சொல்லட்டுமா?"