ஒத்திகையில் கேட்ட கேள்வி

அலுவலகத்தில் அவளுக்குச் சமாளி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. எந்தக் கம்பெனி எந்த வம்பில் மாட்டினாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவளும் போய் நாலு வார்த்தை பேசி, நாலு வரி எழுதி, ஊர் வாயை அடைத்துவிட்டு வருவாள். மக்கள் தொடர்பு வேலைக்கு வந்த புதிதில் நிருபர்களுக்குப் பை தூக்கிக் கொடுத்து, "சார், நம்ம செய்தி நாளைக்கு வருமா?" என்று போனில் கெஞ்சி, அவள் வாங்காத திட்டா? இப்போது துறைத் தலைவர் நாற்காலி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இந்த ஒரு பத்திரிகையாளர் சந்திப்பு பிசிறில்லாமல் முடிந்தால் நாற்காலி உனக்குத்தான் என்று நிறுவனத்தை நடத்தும் மேடம் வாய்விட்டே சொல்லியிருந்தார்.

சந்திப்பு, குளிர்கிடங்கு முதலாளி ஒருவருக்காக. அவருடைய கிடங்கில் குழாய் வெடித்து, குளிரூட்டும் அமோனியா வாயு கசிந்தது. பின்தெரு முழுக்கக் கண்ணெரிச்சலும் இருமலுமாக வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடியது. அந்தத் தெருவில்தான் அவளுடைய அக்கா குடியிருந்தாள். இப்போது அக்கா, மாமா, இரண்டு பிள்ளைகள் எல்லாரும் இவளுடைய ஒற்றை அறையில். கால் நீட்ட இடமில்லை, காலையில் குளியலறைக்கு வரிசை. மேடத்திடம் இதை அவள் மூச்சு விடவில்லை. விட்டிருந்தால் வேலை வேறொருத்தி கைக்குப் போயிருக்கும்.

"எப்ப வீட்டுக்குப் போலாம்னு உங்க ஆளுங்க சொல்வாங்களாடி?" என்று அன்று காலையும் அக்கா கேட்டாள்.

"இன்னிக்குச் சொல்வாங்க. நேரலையில பாரு" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடிவந்தாள்.

சந்திப்புக்கு முன்னால் ஒத்திகை உண்டு. கதவைச் சாத்திவிட்டு, சமாளி நிருபர் மாதிரி எதிரே உட்கார்ந்து, உலகத்தில் உள்ள பொல்லாத கேள்வியெல்லாம் கேட்பாள். முதலாளி திணறினால், எப்படிச் சொல்ல வேண்டும் என்று அவளே எழுதிக் கொடுப்பாள். அந்த அறையில் பேசியது அந்த அறையோடு போய்விட வேண்டும். அதுதான் தொழில் சட்டம்.

"வெடிச்ச குழாயை மாத்திட்டீங்க, சரி. அதுக்குப் பக்கத்துலயே அதே வயசுல இன்னொரு குழாய் இருக்கே, அது எப்படி சார்?"

முதலாளி கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "அதுவும் அரிச்சுப் போய்த்தான்மா கிடக்கு. இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்கு. மாத்தணும்னா கிடங்கையே மூடணும். சீசன் முடியட்டும்னு பாக்குறேன்."

"ஐயோ, இப்படியா சொல்வாங்க?" சமாளியின் பேனா ஓடிக்கொண்டிருந்தது. "'நல்ல கேள்வி. எங்க குழாய் எல்லாத்தையும் தொடர்ந்து கண்காணிக்கிறோம். அந்தத் தெரு மக்கள் எங்க குடும்பம் மாதிரி. குடும்பத்தை ஆபத்துல விடுவோமா?' இப்படிச் சொல்லுங்க. குடும்பம்னு சொல்றப்ப கொஞ்சம் நிறுத்திச் சொல்லுங்க."

பாருங்கள் கூத்தை. எழுதி முடித்து, அவரை மூன்று தடவை சொல்லவைத்துத் திருத்தி, வெளியே வந்து தண்ணீர் குடிக்கும்போதுதான், அவர் என்ன சொன்னார் என்பதே அவள் மண்டையில் ஏறியது. பழகிப்போன கை. எது கிடைத்தாலும் மெழுகிவிட்டுத்தான் மறு வேலை. அந்தக் குழாய்க்குப் பின்னால்தான் அக்கா பிள்ளைகள் படுத்துத் தூங்கப் போகிறார்கள்.

மேடத்தைத் தேடிப் போனாள். "மேடம், அந்த ரெண்டாவது குழாய்..."

"ஒத்திகைல கேட்டதை வெளியில பேசுவியா? உனக்கு நான் சொல்லணுமா?" மேடம் கண்ணாடியில் புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டே சொன்னார். "போய் மைக்கைப் பாரு."

இருப்புக் கொள்ளவில்லை. நாற்காலிகளை நேராக்கினாள், நேராக இருந்ததைக் கோணலாக்கித் திரும்ப நேராக்கினாள். அக்காவை மட்டும் கூப்பிட்டுச் சொல்லிவிடலாமா? அக்கா வாயில் எது நிற்கும்? தெருவே கேட்கும், யார் சொன்னது என்று ஆள் தேடுவார்கள், நாற்காலி போகும், இருக்கிற வேலையும் போகும். கத்திரி வரட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். கத்திரி என்பது ஒரு நிருபருக்கு இவர்கள் வைத்த பெயர். கேள்வி கேட்டால் துண்டு துண்டாக நறுக்குவார். அவர் கேட்காமல் விடமாட்டார். தானாக உண்மை வெளியே வந்தால் தன் தலையும் தப்பும், அக்கா தலையும் தப்பும்.

கத்திரி வந்தார், முன்வரிசையில் உட்கார்ந்தார். நிருபர்களுக்கு மைக் கொடுக்கும் வேலை சமாளியுடையது. முதல் ஆளாக அவர் கையில் திணித்தாள். படுபாவி, நஷ்ட ஈடு பற்றிக் கேட்டார், அதையே திருப்பிக் கேட்டார், உட்கார்ந்துவிட்டார். அடுத்தவர் ஆய்வாளர் எப்போது வந்தார் என்றார். இன்னொருவருக்குக் கிடங்கில் எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள் என்று தெரிய வேண்டியிருந்தது. குழாயைப் பற்றி ஒரு ஜீவன் வாயைத் திறக்கவில்லை. மேடம் மேடைப் பக்கத்திலிருந்து, முடித்துக்கொள் என்று கண் காட்டினார்.

சமாளி மைக்கைத் தன் வாய்க்கே கொண்டுபோனாள்.

"சார், பக்கத்துல இருக்கிற ரெண்டாவது குழாய் நல்லா இருக்கா?"

அவர் முகம் வெளுக்கும், நாக்குக் குழறும், அரங்கம் பிடித்துக்கொள்ளும் என்று நினைத்தாள். எங்கே? முதலாளி அவளைப் பார்த்துத் தலையசைத்தார், எல்லாம் பேசி வைத்த மாதிரி.

"நல்ல கேள்வி" என்றார். கண்காணிப்பைச் சொன்னார். குடும்பம் என்ற இடத்தில் நிறுத்தினார். ஒத்திகையில்கூட இவ்வளவு அழகாகச் சொல்லவில்லை. பின்வரிசையில் யாரோ கை தட்டினார்கள். கத்திரி எழுதிக்கொண்டார்.

கூட்டம் கலைந்ததும் மேடம் வந்து தோளைத் தட்டினார். "நீயே கேட்டு அடைச்சுட்டே பாரு, இது எனக்கே தோணலை. திங்கக்கிழமை நாற்காலியில உக்காரு."

போன் அடித்தது. அக்கா.

"பாத்தேன்டி. நீயே மைக்கைப் பிடிச்சுக் கேட்டே பாரு, எங்களுக்கு வயித்துல பால் வார்த்த மாதிரி இருந்துச்சு. ஆட்டோ ஏறிட்டோம். எதிர்வீட்டுக்காரங்களுக்கும் சொல்லிட்டேன்."

"அக்கா, போகாதே. இறங்கு. அவர் சொன்னதை நம்பாதே."

"ஏன்டி? நல்லாத்தானே சொன்னாரு?"

"நான் எழுதிக் கொடுத்ததுக்கா அது."

அக்காவின் குரல் தணிந்தது. "நாங்க இறங்கிக்கிறோம். ஆனா தெருவே கிளம்பிடுச்சேடி. என் தங்கச்சியே கேட்டான்னு நான்தான் எல்லாருக்கும் போன் போட்டேன். அவங்களுக்கு யாரு சொல்வா?"

மேடம் பின்னாலிருந்து ஏதோ கூப்பிட்டார். அவள் படியிறங்கி வாசலுக்கு ஓடினாள். கத்திரி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்தார்.

"சார், நில்லுங்க" என்றாள். "ரெண்டாவது குழாய் அரிச்சுப் போச்சுன்னு காலையில என்கிட்ட ஒத்துக்கிட்டாரு. மேடையில அவர் சொன்னது பொய். அந்தப் பொய்யை எழுதினது நான். போன் கேமராவைப் போடுங்க, என் பேரைச் சொல்லியே சொல்றேன்."