பெண்பிள்ளைக்குப் பிரேக்கு என்று பெயர்

லம்ரியாவுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் பெயரில்லாமலே போயிற்று. லம்ரியா என்று பெற்றவர்கள் வைத்த பெயர் இருந்தது, இல்லையென்று யார் சொன்னார்கள்? ஆனால் ஏரிக்கரை ஊரான பாலிகேயில் கல்யாணமான பெண்ணைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அவள் முகத்தில் அடிக்கிற மாதிரி. தலைப்பிள்ளையின் பெயர்தான் தாய்க்கும் தகப்பனுக்கும் பெயர். பக்கத்து வீட்டில் போல்தாக்கைப் பெற்றவள் போல்தாக் அம்மா, சாகிறவரைக்கும். பிள்ளையில்லாதவளை, பிறந்த குலத்தைச் சொல்லி, ‘சியாஹான் வீட்டுப் பொண்ணு’ என்பார்கள். இருபது வயசில் அது கேட்க நன்றாகத்தான் இருக்கும். முப்பத்தாறு வயசில், சந்தையில் மிளகாய்க் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவளுக்குத் திரும்பிப் பார்க்கவே பிடிக்காது.

ஒன்பது வருஷமும் அவள் மனசுக்குள் ஒரு பெயரைப் பொத்தி வைத்திருந்தாள். தியார். பையனானாலும் பெண்ணானாலும் தியார். சந்தையில் ஆள் இல்லாத நேரத்தில், ‘தியார் அம்மா, மிளகாய் புதுசா?’ என்று தானே கேட்டுக்கொண்டு, ‘காலையில பறிச்சது’ என்று தானே பதிலும் சொல்லிக்கொள்வாள்.

இப்போது பெண் பிறந்து மூன்று வாரம். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஞானஸ்நானம். அவள் புருஷன் மங்காசி பிடித்த பிடியில் நிற்கிறான்: பிள்ளைக்கு ரெம் என்றுதான் பெயர் வைக்க வேண்டும்.

ரெம் என்றால் ஆழமான பொருள் ஏதும் இல்லை. லாரியில் காலுக்கடியில் இருக்கிற பிரேக்கு. அதுதான்.

“என்னய்யா பேரு இது? ஆணி, நட்டு, போல்ட்டுன்னு வீடு நிறைய பெத்துப் போடுவோமா?”

“லிஸ்த்ரிக்குன்னு, கரண்டுன்னே பேரு வெச்ச ஒருத்தன் இல்லையா? கரண்டு வந்த வாரம் பொறந்தான். அவங்கம்மாவை எல்லாரும் கரண்டு அம்மான்னுதான கூப்பிட்டாங்க? அவ என்ன தூக்கு மாட்டிக்கிட்டாளா?”

“கரண்டு வந்தது ஊருக்கே வெளிச்சம். உன் பிரேக்கு யாருக்கு வெளிச்சம்?”

“எனக்கு,” என்றான் மங்காசி. “பிள்ள பொறந்த அன்னிக்கு, பாராபாத் மலை எறக்கத்துல பிரேக்கு புடிக்கல. மூணாவது மிதியில புடிச்சுது. புடிக்கலன்னா நீ இன்னிக்கு விதவை.”

“அப்படின்னா சாமிக்கு நன்றி சொல்லிப் பேர் வை. பிரேக்குக்கு எதுக்கு நன்றி? பள்ளிக்கூடத்துல இந்தப் பிள்ளய என்ன பாடு படுத்துவானுங்க, யோசிச்சியா?”

மேட்டு ஊரிலிருந்து மாமனார் போன் செய்தார். பேரப்பிள்ளையின் பெயர் அவருக்கும் ஒட்டும் என்பதால் அவருக்கும் அவசரம். “என்ன எழவுப் பேரையாவது வைங்க, சீக்கிரம் வைங்க. நான் எந்தத் தாத்தான்னு கேக்குறவனுக்கு என்னத்தச் சொல்ல?” என்று போனை வைத்துவிட்டார்.

லம்ரியாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பால் ஊற வேண்டுமென்று அம்மா கற்பூரவல்லி இலை போட்டு வைத்துக்கொடுத்த கோழிக்குழம்பு ஆறிப்போய்க் கிடந்தது. உட்கார்ந்தால் எழுந்துகொள்ளத் தோன்றியது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, ‘ரெம் அம்மா’ என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. ஒன்பது வருஷம் காத்திருந்தது இதற்கா?

வியாழக்கிழமை, ஞானஸ்நானத்துக்குப் பெயர் எழுதிக் கோயில் மூப்பர் வீட்டில் கொடுக்க வேண்டிய தாளை எடுத்தாள். மங்காசி வாசலில் லாரியைக் கழுவிக்கொண்டிருந்தான். குழந்தையின் பெயர் என்ற இடத்தில் ‘தியார்’ என்று அழுத்தி எழுதி, இடுப்புத் துணிக்குள் மடித்து வைத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். புருஷனிடம் மூச்சு விடவில்லை. செய்தது சரி என்று அவளுக்கு அப்போது ஒரு சந்தேகமும் இல்லை.

சனிக்கிழமை காலை மூன்று வாரத்துக்கப்புறம் சந்தைக்குப் போனாள். அங்கே லாரிப் பட்டறைக்காரர் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

“அந்தப் பிரேக்கை நல்லாப் பாத்துக் கட்டினீங்களா அண்ணே? மறுபடி இப்படி ஆயிடக் கூடாது,” என்றாள்.

“எந்தப் பிரேக்கு? போன மாசந்தான் புதுசு போட்டேன். அப்புறம் வண்டி என் பட்டறைப் பக்கமே வரலையே. உம் புருஷன் மூணு வாரமா லோடே எடுக்கலைன்னு கேள்விப்பட்டேன், ஒடம்பு சரியில்லையா?”

லம்ரியா கூடையைப் பக்கத்துக் கடையில் விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தாள். நடந்தாள் என்பது மரியாதைக்கு, ஓடினாள். மூன்று வாரமாக அவன் லாரியைக் கழுவுகிறான், துடைக்கிறான், தார்ப்பாயை இழுத்துக் கட்டுகிறான். ஒருநாள் கூட வண்டியைக் கிளப்பவில்லை. வீட்டிலேயே இருந்தவள் இதைக் கவனிக்காமல் பெயருக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாளே என்று அவள் மேலேயே அவளுக்குக் கோபம்.

மங்காசி குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தான்.

“புதுப் பிரேக்கு எப்படிய்யா புடிக்காமப் போகும்?”

அவன் தட்டுவதை நிறுத்தவில்லை.

“பிரேக்கு நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் ரோட்டப் பாக்கல.”

“எதப் பாத்த?”

“இவள. நீ போட்டோ அனுப்பினியே. வளைவுல எறங்கிக்கிட்டே பாத்தேன். மூக்கு என் மூக்குன்னு சிரிச்சேன் கூட. நிமிந்தா முன்னாடி ஒருத்தி ரோட்டக் கடக்குறா, முதுகுல பிள்ளயக் கட்டிக்கிட்டு. எப்படி மிதிச்சேன்னு எனக்கே தெரியல. வண்டி நின்னப்ப பம்பருக்கும் அவளுக்கும் ஒரு சாண்.”

லம்ரியா தரையில் உட்கார்ந்தாள்.

“அவ என்ன சொன்னா?”

“திட்டியிருந்தா தேவலாம். துணிய முன்னாடி இழுத்து, பிள்ள முழிச்சிடுச்சான்னு பாத்தா. முழிக்கல. அப்படியே நடந்து போயிட்டா. எனக்கு அதுக்கப்புறம் சாவியக் கையில எடுத்தாலே கை நடுங்குது.”

லம்ரியாவுக்கு அந்த மத்தியானம் முழுசாக நினைவுக்கு வந்தது. போட்டோவை அனுப்பியது அவள். பதில் வரவில்லையென்று, ‘யார் மாதிரி இருக்கா? உடனே சொல்லு’ என்று எழுதியது அவள். அப்புறமும் பதில் இல்லையென்று மூன்று தடவை போன் அடித்து, ‘உயிரோட இருக்கியா இல்லையா’ என்று எழுதியதும் அவள்தான். அரைமணி கழித்து அவன் பேசினபோது, பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கத் தெரியாத மனுஷன் என்று கத்தவும் கத்தினாள். அவன் குரல் ஏன் அப்படி இருந்தது என்று கேட்கவில்லை.

“ரெம் அப்பான்னு எவனாச்சும் கூப்பிடணும்,” என்றான் மங்காசி. “ஒவ்வொரு தடவை கூப்பிடும்போதும் என் கால் தானாப் பிரேக்குக்குப் போகணும். வேற எப்படி நான் மறுபடி வண்டி ஓட்டுறது?”

“உன் காலுக்காக என் பேர ஏன்யா கேக்குற?” அவள் அழுதேவிட்டாள். “ஒம்பது வருஷம்யா!”

“வேற யார்ட்டக் கேப்பேன்?”

தாளைக் கொடுத்துவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தாள், சொல்லவில்லை. சாயங்காலம் இரண்டு தடவை மூப்பர் வீட்டுக்குப் போகச் செருப்பை மாட்டினாள், இரண்டு தடவையும் கழற்றினாள். ஒன்பது வருஷத்தை யாராவது அவ்வளவு சுலபமாகத் தூக்கிக் கொடுப்பார்களா? அவளால் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போதகர் தாளைப் பார்த்து, “தியார்” என்று வாசித்தார். மங்காசி திரும்பி மனைவியைப் பார்த்தான். கோபப்பட்டிருந்தால் அவளும் பதிலுக்கு முறைத்திருப்பாள். அவன் தலையை மட்டும் ஆட்டினான், பிள்ளையைத் தண்ணீர்ப் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டான்.

கோயில் முற்றத்தில் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். “தியார் அம்மா! இனிமே எங்களோட சரிக்குச் சமமா உக்காரலாம்,” என்றாள் போல்தாக் அம்மா. லம்ரியாவுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. சந்தோஷம்தான், பொய் சொல்வானேன்? யாராவது திரும்பக் கூப்பிடமாட்டார்களா என்றிருந்தது. அந்தப் பக்கம் ஆண்கள் “தியார் அப்பா!” என்று மங்காசியின் முதுகில் தட்டினார்கள். அவனும் சிரித்தான். ஆனால் மூன்று தடவை கூப்பிட்ட பிறகுதான் திரும்பினான்.

திங்கட்கிழமை காலை அவன் தார்ப்பாயை அவிழ்த்தான். மேடான் பட்டணத்துக்கு மக்காச்சோள லோடு ஒன்று வந்திருந்தது, வயிறு என்று ஒன்று இருக்கிறதே. சாவியைத் துவாரத்தில் செருக முடியாமல் அவன் இரண்டு தடவை தவறவிட்டதை அவள் பார்த்தாள். அவள் பார்த்ததை அவனும் பார்த்தான்.

வண்டி உறுமிக்கொண்டு நகர்ந்தது. பார்த்துப் போ என்று சொல்லவில்லையே என்று லம்ரியா போனை எடுத்தாள். அவன் பெயரைத் தேடி விரலை வைக்கப் போனவள், கையைச் சுட்டுக்கொண்டவள் போலப் போனைக் கட்டிலில் எறிந்தாள். பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். லாரி முனை திரும்பப் போகிறது.

“ரெம் அப்பா!” என்று தொண்டை கிழியக் கத்தினாள். “யோவ், ரெம் அப்பா!”

லாரி குலுங்கி நின்றது. தெருவில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மங்காசி ஜன்னல் வழியே தலையை நீட்டினான்.

“என்ன?”

“ஒண்ணுமில்ல. போ,” என்றாள்.

அவன் அவளையும் பிள்ளையையும் பார்த்தான். பிறகு தலையை உள்ளே இழுத்துக்கொண்டான். லாரி மெதுவாக முனை திரும்பியது.

போல்தாக் அம்மா ஈரத்துணியும் கையுமாக வந்து நின்றாள். “யாரடி அது ரெம்? நேத்துத்தான தியார்னு தண்ணி தெளிச்சாங்க? இப்ப ஒன்ன நாங்க என்னன்னுதான் கூப்பிடுறது?”

லம்ரியா பிள்ளையின் தலையைத் துணியால் மூடினாள். கண் இன்னும் முனையில்தான் இருந்தது.

“ரெம் அம்மான்னே கூப்பிடு,” என்றாள். “சத்தமாக் கூப்பிடு. அவன் காதுல விழணும்.”