மலையைப் பார்த்து நின்றால்

தென்றல் இந்த வாரம் இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை. இரண்டு நாளும் முதல் பாடவேளை கணக்கு. இப்படியே விட்டால் இந்தப் பெண் கணக்கை ஒரேயடியாகக் கைகழுவிவிடுவாள் என்று ஐந்தாம் வகுப்பு ஆசிரியை நந்தினிக்கு மனம் அடித்துக்கொண்டது.

கோளாறு போன வாரம் தொடங்கியது. பாடம் இடமதிப்பு: ஒன்றிலிருந்து கோடி வரை எட்டு இடங்கள். கிரிவலப் பாதையிலும் எட்டு லிங்கங்கள். அந்தப் பாதையிலேயே இருக்கும் அடி அண்ணாமலை ஊர்ப் பிள்ளைகளுக்கு அவை தூக்கத்தில்கூட வரிசையாக வரும். கரும்பலகையில் எட்டுக் கட்டம் போட்டு, வலது ஓரத்தில் இந்திர லிங்கத்தை ஒன்றாகவும், அதற்கு இடப்பக்கம் அக்னி லிங்கத்தைப் பத்தாகவும் வைத்தபோது நந்தினிக்குப் பெருமைகூட வந்தது. மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். தென்றல் மட்டும் இடது ஓரத்திலிருந்தே ஒன்று, பத்து, நூறு என்று எழுதினாள்.

இன்றும் அப்படித்தான் எழுதினாள்.

"மிஸ், மறுபடியும் உல்டா!" என்றான் வல்லரசு. வகுப்பே சிரித்தது.

நந்தினி அவள் பக்கத்தில் குனிந்தாள். "ஏன் கண்ணு அங்கேர்ந்து ஆரம்பிக்கிற?"

தென்றல் தரையைப் பார்த்தாள். "வலமாதான மிஸ் சுத்தணும்? நீங்க எடப்பக்கமா போறீங்க. அது தப்புனு அம்மா சொல்லும்."

தன் யோசனைதான் பிள்ளையைத் தடுமாற வைத்திருக்கிறது என்று நந்தினிக்குப் புரிந்தது.

"வாங்க, வெளில போய்ப் பாக்கலாம்."

மைதானத்துக்கு எதிரே மலை. எட்டுப் பேர் ஆளுக்கு ஓர் இலக்கம் எழுதிய சிலேட்டுடன், மலைக்கு முதுகு காட்டி, கரும்பலகையில் இருந்த வரிசைப்படியே நின்றார்கள்.

"நீ எப்படிக் கிளம்புவ? மலையக் கும்பிட்டுட்டு நடந்து காட்டு."

தென்றல் மலையைப் பார்த்துக் கும்பிட்டாள். பிறகு, மலை வலக்கைப் பக்கம் வரும்படி திரும்பி இரண்டடி வைத்தாள். சட்டென்று நின்றாள்.

"மிஸ்! எடப்பக்கமாதான் போறோம்!"

நந்தினிக்கும் அப்போதுதான் உறைத்தது. "ஆமாண்டி!"

"அப்ப போர்டு?"

"போர்டுக்குப் பின்னாடி மலை இருக்குனு நெனச்சுக்கோ."

தென்றல் வலது ஓரத்துக்கு ஓடினாள். ஒவ்வொரு சிலேட்டாகத் தொட்டுக்கொண்டே, "ஒண்ணு, பத்து, நூறு, ஆயிரம்..." என்று நடந்தாள். எட்டாவதாக நின்ற வல்லரசிடம் வந்ததும், "கோடி!" என்று அவன் சிலேட்டை ஓங்கித் தட்டினாள்.

"மெதுவாடி, ஒடச்சிடப் போற!" என்றான் அவன்.

அவள் எல்லாச் சிலேட்டுகளையும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "மூணு கோடியே நாப்பது லட்சத்து அஞ்சாயிரத்து எரநூத்தி ஏழு."

யாரும் சிரிக்கவில்லை. அவள் வல்லரசையும் தாண்டி, வெறும் மண்ணில் ஓரடி தள்ளிப் போய் நின்றுகொண்டு கேட்டாள்:

"இங்க ஒருத்தர் நின்னா எவ்ளோ மிஸ்?"

"அத நாளைக்கு வந்து நீயே சொல்லு."

"இப்பவே சொல்றேன் மிஸ்," என்றாள் தென்றல். "பத்துக் கோடி."