டிரைவர் குடித்த கஞ்சி

சுகாதார நிலையத்து நர்சம்மாவுக்கு 'சைரன்' என்று பட்டப்பெயர். வாயைத் திறந்தால் தெருமுனை வரை கேட்கும். கர்ப்பிணிகள் அவளைக் கண்டு நடுங்குவார்கள். ஆனால் வலி எடுத்துவிட்டால் அவள் டியூட்டியில் இருக்கிறாளா என்றுதான் முதலில் விசாரிப்பார்கள். அப்படிப்பட்டவள் அன்று சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தாள் என்றால் விஷயம் பெரிசு.

காரணம், எடை மெஷின் மேல் நின்றிருந்த பெண். ஏழாம் மாதம். போன தடவை நின்ற இடத்தை விட்டு முள் அசையவேயில்லை. வயிற்றில் இருப்பதும் மாதத்துக்கேற்ற வளர்த்தி இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்படியே போனால் எலும்பும் தோலுமாகப் பிறக்கும். மூச்சுக்கே மல்லுக்கட்ட வேண்டிவரும். அப்படிப் பிறந்ததுகளைக் கையில் வாங்கியவள் சைரன்.

"மாத்திரை ஒழுங்கா போடறியாம்மா?"

"போடறேங்க்கா."

"நாங்க குடுத்த சத்துமாவு?"

"அது தீந்தே போச்சுக்கா."

மாவு தீர்கிறது, எடை ஏறவில்லை. எங்கேயோ இடித்தது.

அந்த நேரம் பார்த்து அந்தப் பெண்ணின் புருஷன் உள்ளே வந்தான். தண்ணீர் லாரி டிரைவர். சிரித்த முகம், நல்ல பிள்ளை. சட்டைப் பொத்தான்கள் இப்பவோ அப்பவோ தெறிக்கும் என்று இருந்தன.

"என்ன தம்பி, மொத தடவை வரும்போது ஒட்டடைக்குச்சி மாதிரி இருந்தியே?"

அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. "எல்லாம் இவ கைவண்ணம் சிஸ்டர். காலைல ஒரு கஞ்சி காய்ச்சித் தருவா பாருங்க, மதியம் வரைக்கும் பசிங்கற பேச்சே கிடையாது!"

சைரன் நிமிர்ந்தாள். "லேசா இனிப்பா இருக்குமா?"

"ஆமா."

"வறுத்த கடலை வாசனை வருமா?"

"அட, கரெக்டா சொல்றீங்களே! நீங்களும் குடிச்சிருக்கீங்களா?"

மெஷின் மேல் நின்றவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அது உன் புள்ளைக்காக கவர்மெண்ட் குடுக்கற மாவு தம்பி."

அவன் முகத்தில் ஈயாடவில்லை. மனைவியையே பார்த்தான்.

"நாள் பூரா வண்டி ஓட்டறீங்க. வெறும் வயித்தோட எப்படி அனுப்பறது? நான் வீட்டுலதானே இருக்கேன்..."

வேறு யாராவது இருந்திருந்தால் அந்தப் பெண்ணை ஒரு பிடி பிடித்திருப்பார்கள். சைரனின் கெட்டிக்காரத்தனமே இங்கேதான். திட்டினால் இவள் இன்னும் சாமர்த்தியமாக மறைப்பாளே தவிர, ஒரு வாய்கூட அதிகம் சாப்பிடமாட்டாள் என்று அவளுக்குத் தெரியும். புது மாவுப் பாக்கெட்டுகளை எடுத்தாள். மனைவி கை நீட்ட, சைரன் அவளைத் தாண்டிப் போய்ப் புருஷன் கையில் வைத்தாள்.

"இனிமே கஞ்சி காய்ச்சறது நீ. இவ குடிச்சு முடிக்கற வரைக்கும் லாரிய எடுக்கக் கூடாது. உனக்குப் பசிச்சா கடையில வாங்கித் தின்னு."

"எனக்கு சுடுதண்ணிகூட வெக்கத் தெரியாதே சிஸ்டர்!"

"அவ்ளோ பெரிய லாரிய ரிவர்ஸ் எடுக்கத் தெரியுதில்ல?"

அங்கேயே ஸ்டவ்வைப் பற்றவைத்து, கட்டி விழாமல் கிளறுவது எப்படி என்று அவனைக் கையைப் பிடித்துச் செய்யவைத்தாள்.

அப்படியும் முதல் வாரம் கஞ்சி அடிபிடித்துத்தான் போனதாம். மனைவி மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். லாரி தாமதமாக வந்ததால் தெருக்காரர்கள் குடத்தை வைத்துக்கொண்டு அவனை வறுத்தெடுத்தார்கள். கூட்டாளிகள் 'கஞ்சி மாஸ்டர்' என்று ஓட்டினார்கள். அவன் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்தப் பையனை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

எடை மெஷின் முள் மெல்ல நகர ஆரம்பித்தது. ஆனால் போன மாதங்கள் போனதுதானே? வயிற்றில் இருப்பது விட்டதைப் பிடித்துவிடுமா என்று சைரனுக்கே உறுதியில்லை. அவனிடம் அதை மறைக்கவும் இல்லை.

மாதம் நிறைந்து ஒரு ராத்திரி வலி எடுத்தது. பொழுது விடிந்ததும் பிள்ளை பிறந்தது. சைரன் வெளியே வந்தபோது அவன் சுவரோரம் நின்றிருந்தான். எத்தனையோ அப்பன்களைப் பார்த்தவள் அவள். எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். அதற்கான பதிலை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டுதான் வந்தாள்.

"எடை எவ்வளவு சிஸ்டர்?"

சைரன் நாக்கு நுனியில் இருந்த பதிலை விழுங்கிக்கொண்டாள். "மூணு கிலோவுக்குக் கொஞ்சம்தான் கம்மி தம்பி," என்றாள் பிறகு.

அவன் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். அவளுக்கும் கண் நிறைந்துவிட்டது. உள்ளே போய்க் குழந்தையைத் துணியில் சுற்றும்போதுதான் அவளுக்கு உறைத்தது: ஆணா பெண்ணா என்று அவன் கேட்கவும் இல்லை, இவள் சொல்லவும் இல்லை.